பதினான்கு பெயர்களோடு நாட்றம்பள்ளிக்கு வந்தவர்

1

ஜோன் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வரவில்லை, பெயர் கேட்டு வந்தார். பெண் கேட்கிற வேலையை அவர் மகன் லூக்கா முன்பே முடித்திருந்தான். என் மகள் தாரணியும் சம்மதம் சொல்லியிருந்தாள். பெற்றவர்களுக்குத்தான் கடைசியாகத் தெரியவந்தது. ஊரில் இருந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரராவது காதில் போட்டிருப்பார். அல்பேனியாவிலும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் இருக்கிறார், எனக்குத்தான் புரியவில்லை.

நான் நாட்றம்பள்ளிக்காரன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருஷம் கட்டிங் செக்‌ஷனில் இருந்தேன். தோலைப் புரட்டிப் பார்த்து எந்தப் பக்கம் இழுக்கும், எங்கே உண்ணி கடித்த தழும்பு இருக்கிறது என்று சொல்கிற வேலை. அந்த அனுபவத்தை நம்பி, வடக்கு அல்பேனியாவில் ஷ்கோடர் என்னும் ஊரில் புதிதாகத் தொடங்கிய ஷூ கம்பெனிக்கு இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போனேன். அந்த இரண்டு வருஷம் இப்போது பதினாறாகிவிட்டது. போன அடுத்த வருஷமே மனைவி சுமதியும் எட்டு வயது தாரணியும் வந்து சேர்ந்தார்கள். அது அல்பேனியாவா ஆர்மீனியாவா என்று என் அக்கா இன்னும் ஒவ்வொரு போனிலும் கேட்பாள்.

அங்கே பழைய ஆட்கள் ஆமாம் என்பதற்குத் தலையை இடவலமாக அசைப்பார்கள், இல்லை என்பதற்கு மேலும் கீழும் அசைப்பார்கள். இது தெரியாமல், குடியிருப்பு அட்டைக்காகப் போன அலுவலகத்தில், குடும்பத்தை அழைத்துக்கொள்வீர்களா என்று கேட்ட அம்மாளிடம் பணிவாக மேலும் கீழும் தலையாட்டிவிட்டு வந்தேன். குடும்பமில்லாத ஒற்றை ஆள் என்று பதிவாகிவிட்டது. அதைத் திருத்த எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் என்னோடு வரிசையில் நின்று எனக்காகப் பேசியவர்தான் ஜோன். எங்கள் செக்‌ஷனின் பிரஸ் மெஷின்களைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக். ஆறடி உயரம், மீசை, சிரிக்கக் கஞ்சம். அவருடைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்களுக்கு வீடும் பிடித்துக் கொடுத்தார். தாரணியும் லூக்காவும் ஒரே பள்ளிக்கூடம்.

சம்பந்தம் என்று ஆனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். காபி குடித்தார். கல்யாணத்துக்கு முன் பெண்ணின் சொந்த ஊரை நான் பார்க்க வேண்டும், பெயர்களைக் கேட்க வேண்டும் என்றார். ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, தாராளமாக வாங்களேன் என்றேன். அறுபத்தெட்டு வயது வரை விமானத்தில் ஏறாத மனிதர் மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

2

ஜோனின் குலத்துக்குப் புக்குமிர் என்று பெயர். ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முன் ஷ்கோடருக்கு வடக்கே, இன்றைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் மாண்டினீக்ரோவில் இருக்கும் மலைகளில் ஆடு மேய்த்தவர்கள். ஒரே ஆணின் வழி வந்தவர்களாகத் தங்களை எண்ணிக்கொண்டவர்கள். பிறகு வேறு குலங்கள் அந்த மலைக்கு வந்து பெருகின. மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் சண்டை. புக்குமிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கப்பட்டு, துரத்தப்பட்டு, சிதறிப்போனார்கள். மலைமேல் ஓர் ஏரிக்கு இன்னும் அவர்கள் பெயர் இருக்கிறது. ஏரி இருக்கிறது, ஆட்கள் இல்லை.

அந்த ஏரிக்கரையில் புக்குமிர்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு செத்து ஒழிந்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் ஒரு கதை உண்டு. அதை நான் கேள்விப்பட்டு, ஒருநாள் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஜோனிடம் கேட்டேன். "நிலத்தை எடுத்துக்கொண்டவன் சொல்கிற கதை அது" என்றார்.

மற்றதை வேறொரு நாள் சொன்னார். சிதறியவர்களில் சிலர் வந்த குலங்களோடு கலந்து அவர்கள் பாஷையைப் பேசி, அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனார்கள். சிலர் முஸ்லிம் ஆனார்கள். ஜோனின் முன்னோர் மாதிரி சில வீடுகள் மட்டும் கத்தோலிக்கர்களாக, அல்பேனிய மொழியோடு, மலையில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தன. இப்படிப் பழங்காலத்திலிருந்தே இருக்கிற வீடுகளை அனாஸ் என்பார்கள். ஜோனின் தாத்தா காலத்தில் அவர்களும் இறங்கி ஷ்கோடருக்கு வந்துவிட்டார்கள்.

அந்த மலைக்காரர்களின் முதல் சட்டம், ஒரே குலத்தில் கல்யாணம் கூடாது. எத்தனை தலைமுறை தாண்டினாலும் கூடாது. நிலத்தோடு சேர்ந்து இருக்கும் குலத்துக்கு இது சுலபம், யார் தன் ஆள் என்று தெரியும். சிதறிப்போன குலத்துக்குத்தான் கஷ்டம். மூன்று மதத்தில், இரண்டு மொழியில், வேறு வேறு பெயரில் உன் தங்கை இருக்கலாம். ஆகவே பெண் எடுக்குமுன் அந்த வீட்டுக்கே போய், பெயர்களை வரிசையாகக் கேட்டு, தன் வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஜோனுக்கு அப்பா வழியில் பதினான்கு பெயர் தெரியும். மூச்சு விடாமல் சொல்வார். நிலம், கோயில், பட்டயம் எல்லாம் போனபின் அவர்களிடம் மிச்சமிருந்த சரித்திரம் அந்தப் பதினான்கு பெயர்தான்.

இப்போது யாரும் இப்படிச் செய்வதில்லை, லூக்காவே கேலி செய்தான். உங்கள் ஆள் நாட்றம்பள்ளிக்கு எப்படி வந்திருப்பான் என்று நானும் கேட்டேன். "போனவர்கள் எல்லோரும் எங்கே போனார்கள் என்று யாருக்குத் தெரியும்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

3

நான் பயந்தது வேறு காரணத்துக்காக. சுமதி என் அக்கா மகள்.

இதைப் படிக்கிற வேலூர், ஆம்பூர்க்காரர்கள் அதனால் என்ன என்பீர்கள். நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டியவன் அதை ஒரு செய்தியாகச் சொல்லமாட்டான். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது சுமதி பிறந்தாள். தூளியை ஆட்டியவன் நான்தான். இது உனக்குத்தான் என்று அன்றைக்கே சொல்லிச் சிரித்தார்கள். பிறகு ஒருநாள் சிரிக்காமல் சொன்னார்கள், கல்யாணம் ஆயிற்று. சுமதி என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் என்பதாலும் மாமா, அம்மாவின் தம்பி என்பதாலும் மாமா.

அல்பேனிய மலைக்காரர்களுக்கும் தாய்மாமன் என்றால் பெரிய மரியாதை. அப்பாவுக்கு அடுத்த இடம். அதனாலேயே, தாய்மாமனைக் கட்டுவதென்றால் அப்பனையே கட்டியது மாதிரி அவர்களுக்குக் குமட்டும். தாரணி ஏழாம் வகுப்பில் விஷயம் தெரியாமல் ஒரு தோழியிடம் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதன்பிறகு எங்களைப் பற்றி வெளியில் எதுவும் சொல்வதில்லை. வீட்டிலும் தமிழ் குறைந்தது. சுமதியை அம்மா என்பதை விட்டுவிட்டு, அங்கத்துப் பிள்ளைகள் தங்கள் அம்மாவைக் கூப்பிடுவது போல மாமி என்று கூப்பிட ஆரம்பித்தாள். போனில் அதைக் கேட்ட அக்கா, இது இன்னா ஐயர் வீட்டுப் புள்ளையா என்று கேட்டாள்.

அரசாங்கத் தாள்களில் நாங்கள் ஒருபோதும் மாட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டும் கேட்பார்கள். என் அப்பா முனுசாமி, அம்மா ராஜம்மாள். சுமதியின் அப்பா ஏகாம்பரம், அம்மா கலாவதி. நாலு பெயரும் வேறு வேறு. கலாவதியின் அப்பா யார் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. அரசாங்கம் ஒரு தலைமுறையோடு விட்டுவிடும், ஜோன் விடமாட்டார்.

புறப்படும் வாரம் தாரணி எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள். லூக்காவுக்கு விஷயம் தெரியும், அவனுக்கு ஒன்றுமில்லை. அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் அவர் தன் சொந்தங்களுக்கு முன் தலைநிமிர முடியாது, கல்யாணத்துக்கு வரமாட்டார். அவர் இல்லாமல் லூக்கா கட்டிக்கொள்ளமாட்டான். அதனால் நாலே நாள், அம்மா தன்னைப் பெற்ற ஆயாவை அம்மா என்று கூப்பிடக் கூடாது. அம்மா என்பது எந்த ஊர்க்காரனுக்கும் புரிந்துவிடும். அண்ணி என்று கூப்பிடட்டும். புருஷனின் அக்காள் அண்ணிதானே.

சுமதி ரொம்ப நேரம் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சரி என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் மகள் பக்கம்தான் நின்றேன்.

4

அக்காவிடம் போனில் நான்தான் சொன்னேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்து ரிட்டயர் ஆனவள், மாமா இறந்தபின் தனியாக இருக்கிறாள். யாருக்கும் பயப்படுகிறவள் இல்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னாடா பேஜாரு இது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, புள்ள கல்யாணம். அண்ணின்னே கூப்புடட்டும். நான் பெத்தது இல்லன்னு ஆய்டுமா?" என்றாள்.

பெங்களூரில் இறங்கி, கிருஷ்ணகிரி வழியாக வேனில் வந்தோம். லூக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை, ஜோன் மட்டும் வந்தார். அக்கா வாசலில் நின்று அவரைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, பெயர் கேட்டாள். ஜான் என்றுதான் அவள் காதுக்கு ஏறியது. நம்ம ஊரில் எத்தனை ஜான். அன்று மாலையே தெரு முழுக்க அவர் ஜான் அண்ணன் ஆகிவிட்டார்.

இரண்டாம் நாள் ஆம்பூர் பார்க்க வேண்டும் என்றார். பழைய கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றோம், ஷிஃப்ட் விட்டுப் பெண்கள் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தோல் ஏற்றிய லாரி ஒன்று கடந்தபோது நானே மூக்கைச் சுருக்கினேன், அவர் சுருக்கவில்லை. பாலாற்றுப் பாலத்தில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிக் கீழே பார்த்தார். மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆறு எங்கே என்று கேட்டார். மழை வந்தால் வரும் என்றேன். எங்கள் நிலமும் அந்தப் பக்கம் இருந்தது, கிணற்று நீர் உப்பாகி விளைச்சல் போனதும் அப்பா விட்டுவிட்டு எங்களைக் கம்பெனிக்கு அனுப்பினார் என்றேன். யாரோடும் சண்டை இல்லாமலா என்று கேட்டார். சண்டை இல்லாமல்தான் என்றேன். அதை அவரால் நம்ப முடியவில்லை.

இந்த இரண்டு நாளும் சுமதி அக்காவை அண்ணி என்றும் கூப்பிடவில்லை, எதுவும் கூப்பிடவில்லை. அருகில் போய் நின்று பேச ஆரம்பித்துவிடுவாள். நாலு வருஷம் கழித்துப் பார்க்கிற அம்மாவை ஒரு பெண் அப்படித்தான் சமாளித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

5

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பெயர் கேட்கும் காரியம் நடந்தது. ஜோன் தன் கோட்டை அந்த வெயிலிலும் போட்டுக்கொண்டு வந்து ஹாலில் உட்கார்ந்தார். நோட்டில் கோடு போட்டு இரண்டு பாகம் பிரித்திருந்தார், இடப்பக்கம் பெண்ணின் அப்பா வீடு, வலப்பக்கம் அம்மா வீடு. தாரணி பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். அக்கா அடுப்பில் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துவிட்டு, மோர் டம்ளருடன் வந்து நின்றாள்.

முதலில் அவர் தன் பதினான்கு பெயரையும் சொன்னார். கோயிலில் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார். முனுசாமி, அவர் அப்பா சின்னப்பையன், அவர் அப்பா வரதன். அத்தோடு எனக்கு முடிந்துவிட்டது. மூன்றே மூன்று. வெட்கமாக இருந்தது. அவர் மூன்றையும் எழுதி, தன் பதினான்கோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். சின்னப்பையனை அவர் மலையில் தேடியதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வலப்பக்கம். சுமதியின் அப்பா ஏகாம்பரம், அவர் அப்பா பெருமாள். எழுதினார். அப்புறம், அம்மா வீட்டில் தாயின் தாயையும் கேட்க வேண்டும், அவள் யார், எந்த வீட்டுப் பெண் என்றார். இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தோம். காவேரிப்பாக்கத்தில் தூரத்து வீடு, கோவிந்தசாமி மகள். தாரணி அதைச் சொன்னாள்.

அந்த அம்மாளைப் பார்க்க முடியுமா என்று கேட்டார் ஜோன். நாங்கள் யாரும் இதை யோசித்திருக்கவில்லை.

"இறந்துவிட்டார்கள், ரொம்ப நாள் ஆயிற்று" என்றாள் தாரணி, அல்பேனிய மொழியில்.

ஜோன் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். ஏதோ மரியாதை செய்கிறார் என்று நினைத்து அக்காவும் சிரித்த முகத்தோடு கையெடுத்துக் கும்பிட்டு, மோர் டம்ளரை நீட்டினாள்.

சுமதி கதவோரம் நின்றிருந்தாள். எங்கள் மூவரில் அந்த மொழியை நன்றாகப் பேசுகிறவள் மகள். ஆனால் சந்தையில், ஆஸ்பத்திரியில், பக்கத்து வீடுகளில் பேசிப் பேசிச் சுமதிக்கும் தேவையான எல்லாம் வரும். தப்பும் தவறுமாக வரும், தெளிவாக வரும். அவள் முன்னால் வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜோனிடம் நேராகச் சொன்னாள்.

"சாகவில்லை. இவள்தான் என் அம்மா. இவர் இவளுடைய தம்பி. நான் என் தாய்மாமனைக் கட்டிக்கொண்டேன்."

ஜோன் அக்காவைப் பார்த்தார், சுமதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோட்டை மூடிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, டம்ளரைத் தொடாமல் வெளியே போய்விட்டார்.

தாரணி அழவில்லை. முகம் வெளுத்துப்போய், "ஒரு மணி நேரம் பொறுத்துருந்தா முடிஞ்சிருக்கும்மா" என்றாள். மாமி என்று சொல்லவில்லை.

"எங்கம்மாவ சாவடிச்சாதான் உனக்குக் கல்யாணம் ஆவும்னா, எனக்கு அது வேணாம்" என்றாள் சுமதி.

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. "என்னிய செத்துட்டன்னா சொன்ன?" என்று பேத்தியைக் கேட்டாள். பிறகு தானே, "சரி வுடு, சொன்னா செத்துடுவனா" என்று சொல்லிக் குழம்பைப் பார்க்க உள்ளே போனாள்.

6

ஜோன் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பஞ்சர் கடைப் பந்தலில் நின்றிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

பதினைந்து வருஷம் உன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், என்னிடம் சொல்லியிருக்கலாம் என்றார். சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பீர்களா என்று கேட்டேன். யோசித்து, தெரியவில்லை என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது, கோபமும் வந்தது. எங்களை என்னவென்று நினைத்தீர்கள், முறை இல்லாதவர்கள் என்றா என்று கேட்டுவிட்டேன். எங்கள் குலதெய்வத்தைக் கும்பிடுகிற வீடு இந்த வட்டாரத்தில் நாற்பதுக்கு மேல் இருக்கிறது, எல்லாம் பங்காளி. முகம் பார்த்திருக்காவிட்டாலும் அந்த நாற்பது வீட்டுப் பெண்ணும் எனக்குத் தங்கை, ஒருத்தியையும் கட்ட முடியாது. கட்டினால் ஊர் காறித் துப்பும். என் அக்கா கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போய்விட்டாள், அவள் மகள் ஏகாம்பரம் வீட்டுப் பெண், எங்கள் வீட்டுப் பெண் இல்லை.

அவர் சட்டென்று திரும்பினார். பெயர் தெரியாமலே நாற்பது வீடும் தங்கை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். சாமி ஒன்று என்றால் ஒன்றுதான் என்றேன். அவர்கள் ஊரில் அப்பா வழியை ரத்த மரம் என்றும் அம்மா வழியைப் பால் மரம் என்றும் சொல்வார்கள். உன் கணக்கில் ரத்தத்தில் குற்றமில்லை, பாலில் இருக்கிறது என்றார். பிறகு அவராகவே ஒன்று சொன்னார். அவருடைய பதினான்கு பெயருக்கும் தாய்மார் இருந்திருப்பார்கள். ஒருத்தி பெயரும் அவருக்குத் தெரியாது. சொந்தக் குலத்தில் எடுக்கக் கூடாது என்றால் எங்கே எடுத்திருப்பார்கள்? தங்களைத் துரத்தியவர்களின் வீட்டில்தான். வேறு வீடு அந்த மலையில் ஏது.

உன் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நடக்க ஆரம்பித்தார்.

வீட்டில் இலை போட்டு மூடி வைத்திருந்தது. ஜோன் உட்காராமல் நின்றபடி கேட்டார், சுமதி மொழிபெயர்த்தாள். இத்தனை வீடுகள் இருக்க, மகளை ஏன் தம்பிக்குக் கொடுத்தீர்கள்?

அக்கா இதற்கு யோசிக்கவே இல்லை. "வெளியில குடுத்தா கண்ணு காணாத தூரம் போய்டுவா, நல்லது கெட்டதுக்கு வந்து போவ முடியாதுன்னுதான் தம்பிக்கே குடுத்தேன்" என்றாள். பிறகு என் பக்கம் பார்க்காமலே, "அவன் இன்னா பண்ணான்னு அவனியே கேளு" என்றாள்.

இருபத்தைந்து வருஷத்தில் அக்கா இதை என்னிடம் ஒருமுறையும் சொன்னதில்லை. சுமதி கடைசி வாக்கியத்தையும் விடாமல் மொழிபெயர்த்தாள். பதினாறு வருஷத்தில் எத்தனை முறை இவளை அம்மாவிடம் கூட்டி வந்தாய் என்று ஜோன் என்னைக் கேட்டார். நாலு என்றேன். இதையும் சேர்த்தா என்றார். சேர்த்து என்றேன். அந்த ஹாலில் தப்பு செய்தவன் யார் என்று எனக்கு அப்போது தெரிந்தது, அது அவர் தேடி வந்த தப்பு இல்லை.

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஊரில் என் சொந்தங்கள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், பெண்ணின் அம்மா பிறந்த வீட்டைப் பார்த்தேன், அங்கே சாப்பிட்டேன் என்று சொல்வேன் என்றார். தாரணி போய் இலையை மூடியிருந்த தட்டை எடுத்தாள். ஜோன் இலை முன் அமர்ந்து, ஒன்றை மட்டும் இந்த அம்மாளிடம் சொல்லிவிடு என்று சுமதியைக் கேட்டுக்கொண்டார். ஷ்கோடரில் தன் வீட்டுக்கும் தாரணியின் தாய்வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெருதான்.

சுமதி சொன்னாள். அதுவரை நாங்கள் எல்லோரும் அந்த மனிதரின் சம்மதத்துக்காகவே காத்திருந்தோம். பிள்ளையைக் கொடுக்க உனக்குச் சம்மதமா என்று அக்காவை யாருமே கேட்கவில்லை. அவள் குழம்புக் கரண்டியோடு நின்று கணக்குப் போட்டாள்.

"ரெண்டே தெருவா? நெசமாவா?"

"ஆமாம்மா" என்றாள் சுமதி.

"அப்ப குடுத்துடு" என்றாள் அக்கா.